முதலில் விடுவது

வைகாசி பிறந்தால் கடல் மூடிவிடும்.
போட்டை மிரிஸ்ஸவில் கரையேற்றி, தார்ப்பாய் கட்டி,
மிதவை அங்கிகளை எண்ணி ஒப்படைத்துவிட்டு
நாலு பஸ் மாறி மஸ்கெலியாவுக்கு வருவேன்.

லயத்தில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்:
"திமிங்கிலம் தலையால தண்ணி ஊத்துமாமே?"
ஊத்தாது.
அது தண்ணீரில்லை. மூச்சு.
உள்ளே சூடாய்க் கிடந்த காற்று
வெளியே விரிந்து, குளிர்ந்து, புகையாகிறது.
விடியற்காலைப் பிரட்டுக்களத்தில்
நம் வாயால் வருகிற அதே புகை.
அளவுதான் வேறு:
ஒரு சவுக்கு மரம் எழுந்து நின்று
அப்படியே கலைகிற மாதிரி.

நம்பமாட்டார்கள். படத்தில் பார்த்தது தண்ணீர்தான் என்பார்கள்.
விட்டுவிடுவேன்.

இருதயமேரிக்கு மட்டும் முழுதும் சொன்னேன்.
அடுப்பில் ஈர விறகு. ஊதிக்கொண்டே கேட்டாள்.

தலை உச்சியில் இரண்டு நாசி.
முன்னால் ஒரு சதைமேடு, வான்கதவுச் சுவர் போல,
அலை உள்ளே விழாதிருக்க.
சும்மா இருந்தால் அவை மூடியே இருக்கும்;
திறக்கத்தான் தசை வேண்டும், மனசு வேண்டும்.
நாம் மறந்தாலும் நம் மூச்சு நடக்கும்.
அதற்கு ஒவ்வொரு மூச்சும் ஒரு தீர்மானம்.

"அப்ப தூக்கம்?"

பாதி மூளைதான் தூங்குமாம். சுனெத் சொன்னான்,
போட் ஓட்டுகிறவன், அவனுக்கு யார் சொன்னதோ.

"அதில என்ன அதிசயம்? மண்சரிவு எச்சரிக்கை குடுத்த ராவெல்லாம்
இந்த லயமே அப்படித்தானே படுக்குது."

பத்து நிமிடம். பன்னிரண்டு.
கடல் ஒன்றையும் காட்டாது.
எஞ்சினை நிறுத்தியிருப்போம்.
கெமராவைத் தூக்கியபடி நாற்பது பேர்
தாங்களும் மூச்சைப் பிடித்திருப்பார்கள், தெரியாமலே.
பிறகு அந்தச் சத்தம்.
மலைப்பாதையில் பஸ் பிரேக் காற்று விடுமே, அதுபோல,
ஆனால் காதில் இல்லை, நெஞ்செலும்பில் கேட்கும்.
மேலே வந்ததும் எடுக்காது.
முதலில் விடும்.
உள்ளே இருந்ததில் பெரும்பங்கு வெளியே,
புதிசு உள்ளே,
இரண்டு மூன்று செக்கனுக்குள்.
நாமெல்லாம் நெஞ்சின் அடியில் பழைய காற்றை வைத்துக்கொண்டு
மேலாக மாற்றுகிறவர்கள்.

காற்று நம் பக்கம் திரும்பினால் வாடை:
மீன், ஈரச் சாக்கு.
ஒருமுறை ஒரு வெள்ளைக்காரி முகமெல்லாம் நனைந்து அழுதாள்.
துடைக்கச் சீலை நீட்டினேன், வாங்கவில்லை.

எட்டுப் பத்து மூச்சு.
முதுகு வளையும். வால் எழும்.
அவ்வளவுதான்.

"அது மூச்சு விடுறதப் பாக்க எவ்வளவு குடுக்கிறாங்க?"

டொலரில் சொன்னேன். பிறகு ரூபாவில்.
ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.
அன்று அடுப்பு நெடுநேரம் புகைந்தது.

மறுநாள் அவளுக்குச் சோறு கொண்டு போனேன்.
ஏழாம் நம்பர் மலை, நெட்டுக்குத்தான ஏற்றம்.
மூடுபனிக்குள் ஆட்கள் தெரியவில்லை,
கொழுந்து ஒடிகிற சத்தம் மட்டும் நகர்ந்தது.
கீழே மவுசாக்கலை நிறையத் தொடங்கியிருந்தது;
வறட்சியில் மேலே வந்திருந்த பழைய கோயில்
கழுத்தளவில் நின்றது.

பத்து நிமிடம்.
பன்னிரண்டு.
சோற்றுப் பொட்டலம் ஆறிப்போனது.

பாதை முடக்கில்,
நெற்றியில் கயிறு, முதுகில் கூடை,
கொழுந்து பதினெட்டுக் கிலோ, மழையோடு இருபத்திரண்டு,
ஏறி நின்றாள்.

முதலில் விட்டாள்.

வெள்ளையாய்த் தலைக்கு மேலே எழுந்து
கொஞ்சம் நின்று
மூடுபனியோடு சேர்ந்தது.

நான் பார்த்துக்கொண்டே நிற்பதைக் கண்டாள்.
"காசு எடு" என்றாள், கையை நீட்டி.

பிறகு இறங்கி மடுவத்துக்குப் போனோம்.
தண்ணீர் என்று சொல்லி நாலு கிலோ கழித்தார்கள்.